கேம்பெயின் பிளானிங்குக்கு மைண்ட் மேப்பா, கூகுள் டாக்ஸா?

ஒன்றரை வருஷமா ஃப்ரெண்ட்ஸுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமா ஒரு கதைக்குள்ள ஆடுற கேம்) நடத்துறேன், டி.எம்., அதாவது கதைய நடத்துற ஆள், நான்தான். பல செஷனுக்கு நீளுற கதையத்தான் கேம்பெயின்னு சொல்வோம். மொதல்ல எல்லாத்தையும் கூகுள் டாக்ஸ்லதான் எழுதி வெச்சேன், பாதியில எக்ஸ்மைண்டுங்கற மைண்ட் மேப் ஆப்புக்கு (விஷயத்த கிளை கிளையா வரையுறது) மாறினேன், திரும்பிப் போற எண்ணம் இல்ல.

டாக்ஸ்ல எழுதுறது ஈஸி, தேடுறது ஈஸி, பிளேயர்ஸுக்கு வாசிச்சுக் காட்டுற வர்ணனையெல்லாம் எனக்கு இன்னமும் அங்கதான் இருக்கு. செஷன் முடிஞ்சப்புறம் அப்டேட் பண்றதுலதான் பிரச்சனையே.

நாங்க ஆடினது 2014 ஸ்டார்ட்டர் செட்ல வர்ற லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்ங்கற ரெடிமேட் கதை (இனிமே ஆடப் போறவங்க இந்தப் பாராவ விட்டுடுங்க). அதுல சில்டார்னு ஒருத்தர், இயார்னோங்கற ஆளக் காணோம், தேடுங்கன்னு சொல்வார். ஊரையே மிரட்டுற ரெட்பிராண்ட் கும்பலுக்குத் தலைவன் கிளாஸ்டாஃப் இருக்கான்ல, அவன்தான் இந்த இயார்னோ, அவனுக்கும் மேல பிளாக் ஸ்பைடர். எங்க பிளேயர்ஸ் கிளாஸ்டாஃப உயிரோட புடிச்சு உள்ள தள்ளிட்டாங்க. டாக்ஸ்ல அவன் பேரு நாலு இடத்துல இருந்துச்சு, மூணத் திருத்தினேன், ஒண்ணு கண்ணுல படல. ரெண்டு செஷன் கழிச்சு, கிளாஸ்டாஃப் நேத்து ஆள் அனுப்பினான்னு ஒரு என்பிசி (பிளேயர்ஸ் இல்லாம டி.எம். நடத்துற பாத்திரம்) பேசுற மாதிரி வாசிச்சுட்டேன், "டேய், அவன நாமதானடா உள்ள போட்டோம்"னு ஒருத்தன் கேக்குறான். மனசுக்கு ரொம்ப கஷ்டமாயிடுச்சு, அவங்க கஷ்டப்பட்டு செஞ்சதுக்கு அந்த உலகத்துல மதிப்பு இருக்கணும்ல.

மேப்ல இயார்னோ ஒரே ஒரு டாபிக்தான். அத இழுத்து "சிறை"க்குக் கீழ போட்டா, சில்டாருக்கும் பிளாக் ஸ்பைடருக்கும் போற ரிலேஷன்ஷிப் கோடுங்களும் கூடவே வந்துடும், எது இனிமே செல்லாதுன்னு பார்த்த உடனே தெரிஞ்சுடும், அழிச்சுடலாம். பத்து நிமிஷ வேலை.

ஆனா கிளைய எப்படிப் பிரிக்கிறோம்ங்கறது முக்கியம். நான் மொதல்ல சீன் சீனா பிரிச்சேன், பிளேயர்ஸ் ஒரு கிளையிலயும் போகல. அப்புறம் கும்பலுக்கு ஒரு கிளை, கீழ அவங்களுக்கு என்ன வேணும், அது இப்போ யார் கையில இருக்குன்னு மாத்தினேன், அதுதான் கடைசிவரைக்கும் தாங்குச்சு. குறுக்குக் கோடு அதிகமானா கண்ணக் கட்டும், அதனால முடிஞ்ச கிளைய மடிச்சு வெச்சுடுவேன்.

அப்சிடியன்ங்கற நோட்ஸ் ஆப்பையும் ஒரு மாசம் பார்த்தேன், ஒரு நோட்டோட பேர மாத்தினா லிங்க் எல்லாம் தானா மாறுது, நல்லாதான் இருக்கு, ஆனா சின்ன கதை ஒண்ணுக்குத்தான் யூஸ் பண்ணினேன், வருஷக்கணக்குல ஓடுற கேம்பெயினுக்கு எப்படி இருக்கும்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது. ஒரே நாள்ல முடியுற ஒன்ஷாட்டுன்னா பேப்பர்ல நாலு வட்டம் போட்டுக்கிட்டாலே போதும்.