பூனைக்குட்டி உணவு வாங்குமுன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்: என் குட்டியின் எலும்பு முறிந்த கதை

வளரும் பூனைக்குட்டிக்கு முழு உணவு என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட டப்பாக்களின் பின்புறத்தில், அது துணை உணவு மட்டுமே என்ற வரி கடுகளவு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அந்த வரியை நான் படித்தது, ஆறு வாரம் கழித்து, மருத்துவரின் மேசையில் குட்டியின் எக்ஸ்ரே படம் கிடந்தபோதுதான். இதே வகை டப்பாக்களை இதே நம்பிக்கையோடு வாங்குகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஒன்பது வார வயதில் என் குட்டி புள்ளியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்றுக்குச் சென்று, குட்டிக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன். உலர் உணவுப் பைகளைக் காட்டி "அதெல்லாம் மாவு, மேடம்" என்று ஒதுக்கிய விற்பனையாளர், மீன் துண்டுகளும் கோழித் துண்டுகளும் அடைத்த சிறு டப்பாக்களை எடுத்து வைத்தார். பூனை மாமிசம் தின்னும் பிராணி, இது கலப்பில்லாத மாமிசம், வேறெதுவும் வேண்டாம் என்பது அவர் வாதம். முதல் பாதி உண்மை என்பதால் இரண்டாம் பாதியையும் நம்பிவிட்டேன். போதாததற்கு, புரதம் 18 சதவீதம், ஈரப்பதம் 80 சதவீதம் என்றிருந்த அட்டவணையை விரலால் தொட்டுக் காட்டி, மற்ற ஈர உணவுகளில் புரதம் பத்து, பன்னிரண்டைத் தாண்டாது என்றும் பெருமையாகச் சொன்னார்.

அந்தக் கணக்கை அங்கேயே போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நூறில் எண்பது தண்ணீர், பதினெட்டு புரதம் என்றால், கொழுப்பு, தாதுக்கள், வைட்டமின்கள் எல்லாம் மிச்சமிருக்கும் இரண்டு பங்கிற்குள் அடங்கியாக வேண்டும். ஆக, அவர் பெருமையாகக் காட்டிய எண்ணே, டப்பாவில் வெறும் சதையைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதற்குச் சாட்சியாக இருந்தது. அவர் இளப்பமாகச் சொன்ன பத்து சதவீதப் புரதம்கூட, தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் நாற்பது சதவீதத்துக்கு மேல் வரும். வளரும் குட்டிக்கு உலர்நிலைக் கணக்கில் குறைந்தது 30 சதவீதம் வேண்டும் என்பதே அமெரிக்காவின் ஆஃப்கோ என்னும் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகோல்.

குட்டி ஆசையாகத் தின்றது, எடையும் கூடியது. ஐந்தாவது வாரத்தில், நாற்காலியில் தாவி ஏறிக்கொண்டிருந்தது தரையோடு நின்றுவிட்டது; தூக்கினால் கத்தியது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, வளர்கிற வயதில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, ஒரு சத்து மருந்துப் புட்டியையும் விற்று, கால்சியத்துக்குப் பசும்பாலும் வைக்கச் சொன்னார்கள். அந்தப் புட்டியில் வைட்டமின்கள் இருந்தன. கால்சியம் பெயரளவுக்குக்கூட இல்லை. தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை என்பதால், பால் கொடுத்ததில் வயிற்றுப்போக்குதான் மிஞ்சியது. அடுத்த வாரம் பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவே மறுத்தது.

எக்ஸ்ரேயில் எலும்புகள் சுற்றியிருந்த சதையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு மங்கித் தெரிந்தன. தொடை எலும்பில் ஒரு விரிசல். என்ன கொடுக்கிறீர்கள் என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. எலும்பு நீக்கிய சதையில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போல பதினைந்து, இருபது மடங்கு இருக்கிறது. குட்டிக்கோ இரண்டும் ஏறத்தாழ சமமாகவோ கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ வேண்டும். உணவில் வராத கால்சியத்தை, பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவி இரத்தத்துக்குக் கொடுக்கிறது. அதனால் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும் எலும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும் என்று அவர் விளக்கினார். குட்டியின் இதயத்தையும் அவர் நெடுநேரம் கேட்டதற்குக் காரணம் டாரின் என்னும் சத்து. பூனையின் உடல் அதைப் போதுமான அளவு தானாகத் தயாரித்துக்கொள்வதில்லை. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து விரிவடையும் என்பதை 1987-இல் பால் பியான் குழுவினர் கண்டறிந்த பிறகுதான் பூனை உணவுகளில் அதன் அளவை உயர்த்தினார்கள். என் டப்பாவின் பொருள் பட்டியலில் டாரின் சேர்த்ததாக எழுதவே இல்லை. நல்லவேளையாக இதயத்தில் கோளாறு இல்லை.

மருந்தென்று பெரிதாக ஒன்றுமில்லை. வளர்ச்சிப் பருவத்துக்கான முழு உணவுக்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றினோம். புதிதாக முறிவு ஏற்படாதிருக்க, ஆறு வாரம் தாவ இடமில்லாத கூண்டுக்குள் வைத்திருந்தோம். அந்த ஆறு வாரமும் அது எங்களைத் திட்டியதை எழுத்தில் சொல்ல முடியாது. கால்சியம் தூளைக் கையளவாய் அள்ளிப் போடாதீர்கள், மிகுந்தாலும் கெடுதல் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது நான் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. குட்டியின் படமும் 'இயற்கை', 'உயர்தரம்' போன்ற சொற்களும் எதையும் உறுதி செய்வதில்லை. முழு உணவு என்ற சொல் பின்பக்கத்தில் இருக்கிறதா, வளர்ச்சிப் பருவத்துக்கு அல்லது எல்லா வயதுக்கும் என்று இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறேன். வளர்ந்த பூனைக்கு மட்டும் என்றிருந்தால் குட்டிக்கு அது போதாது. நாய் உணவு எந்தப் பூனைக்குட்டிக்கும் ஆகாது.

எக்ஸ்ரே படத்தோடு கடைக்குப் போனேன். "விரும்பித்தானே சாப்பிட்டது?" என்று கேட்டார் அதே விற்பனையாளர். பின்பக்க வரியைக் காட்டியபோது, அது எல்லா டப்பாவிலும் போடுவதுதான் என்றார்; அடுத்த தட்டில் இருந்த முழு உணவு டப்பாவை நான் எடுத்து அதில் அந்த வரி இல்லை என்று காட்டிய பிறகு, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று முடித்துக்கொண்டார்.

புள்ளிக்கு இப்போது எட்டு மாதம். பின்னங்கால் லேசாக வளைந்திருக்கிறது. நாற்காலியில் ஏறுகிறது, அலமாரி உச்சிக்கு முயல்வதில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளாத பதினொரு டப்பாக்களும் என்னிடமே இருக்கின்றன. வாரத்துக்கு இருமுறை, முழு உணவின் மேல் ஒரு தேக்கரண்டி மட்டும், அவற்றின் பின்புறத்தில் எழுதியிருக்கிறபடியே துணை உணவாகக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.