பழைய மொனிட்டருக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்ட்: என்விடியா 750 டிஐ, 1030, 1050 டிஐ

கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் செக்கன்ட் ஹான்ட் கணினியோடு தரும் 19 அங்குல மொனிட்டர்கள் பெரும்பாலும் 1366×768, 1440×900 அல்லது 1280×1024. 1920×1080 திரையில் இருபது இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். 1366×768 இல் பத்தரை இலட்சம்தான். கார்டுக்கு அரைவாசி வேலை. அதனால் வேகத்தை யோசிக்க முதல் மொனிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்: நீல நிற விஜிஏ சொக்கெட் மட்டுமா, பக்கத்தில் வெள்ளை டிவிஐ சொக்கெட்டும் இருக்கிறதா?

டிவிஐ இருந்தால் தலையிடி இல்லை. எச்டிஎம்ஐ–டிவிஐ வயர் ஒன்று போதும், மூன்று கார்டும் வேலை செய்யும்.

விஜிஏ மட்டும் என்றால்தான் சிக்கல். 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ, விஜிஏவுக்குத் தேவையான அனலொக் சிக்னல் தரும். சில மொடல்களில் விஜிஏ சொக்கெட்டே உண்டு. 1030, 1050 டிஐ இரண்டும் தராது. அவற்றின் டிவிஐ சொக்கெட்டில் தட்டையான பிளவைச் சுற்றி இருக்கவேண்டிய நான்கு சிறு துளைகள் இல்லை. மலிவு டிவிஐ–விஜிஏ பிளக் அதில் ஏறாது. ஊசிகளை வெட்டிச் சொருகினாலும் படம் வராது. உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வேர்ட்டர்தான் தேவை. அதிலும் தரமில்லாதது மொனிட்டரின் விபரத்தைச் சரியாக வாசிக்காமல் 1024×768 மட்டும் காட்டும். கரண்ட் போதாமல் திரை இடையிடையே கறுத்துப்போகும். தனியாகக் கரண்ட் கொடுக்கப் பக்கத்தில் மைக்ரோ யுஎஸ்பி துளை உள்ளதை வாங்குங்கள்.

இனிக் கார்டுகள். 750 டிஐ: 640 கோர், 2 ஜிபி, 60 வாட். மலிவு, கன்வேர்ட்டர் செலவும் மிச்சம். ஆனால் கைத்தொலைபேசியில் எடுத்த எச்ஈவிசி என்ற சுருக்க முறை வீடியோவை முழுமையாகக் கையாளாது. கலியாண வீட்டு வீடியோ வெட்டும் ஸ்டூடியோவுக்கு உதவாது.

ஜிடி 1030 வெறும் 30 வாட். டெல் ஒப்டிபிளெக்ஸ் எஸ்எஃப்எஃப் போன்ற ஒடுங்கிய கேஸிங்குக்கு இதன் குட்டை வடிவம் பொருந்தும். கார்டைக் கேஸிங்கில் பூட்டும் குட்டைத் தகடு கார்டின் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பெரிய பொறி மெமரியில். ஜிடிடிஆர்5 வகை செக்கனுக்கு 48 ஜிபி கடத்தும், டிடிஆர்4 வகை 16.8 ஜிபிதான். பெயர் இரண்டுக்கும் ஒன்றே, கேம் ஓடுவதில் பெரிய வித்தியாசம். டிடிஆர்4 என்றால் அன்பளிப்பாகத் தந்தால் மட்டும் எடுங்கள். வெட்டிய வீடியோவை எழுதித்தரும் என்கோடரும் 1030இல் கிடையாது.

எங்கள் தெரிவு 1050 டிஐ: 768 கோர், 4 ஜிபி, மெமரி வேகம் செக்கனுக்கு 112 ஜிபி, எச்ஈவிசி வாசிக்கவும் எழுதவும் முடியும். 75 வாட் என்பதால் பல மொடல்களுக்குத் தனிப் பவர் வயர் வேண்டாம். ஆறு ஊசிப் பவர் சொக்கெட் உள்ளதை டெல், எச்பி போன்ற கம்பனிக் கணினிக்கு வாங்காதீர்கள். கன்வேர்ட்டர் செலவைச் சேர்த்தாலும் இதுவே பெறுமதி. நாளை புது மொனிட்டர் வாங்கினாலும் கூட வரும்.

ஜிடி 710, 730 கேமுக்கு வேண்டாம். வேர்ட், சூம், படம் பார்ப்பது மட்டும் என்றால் கார்டே வேண்டாம். அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி போடுங்கள். இரண்டாம் தலைமுறை ஐ3 ப்ரொசெசரில் கேம் திணறினால் கார்டை மாற்றியும் பயனிராது. சிறிய திரையில் சுமை ப்ரொசெசரிலேயே விழுகிறது.

என்விடியா கொன்ட்ரோல் பனலில் மக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60இல் வையுங்கள். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் செக்கனுக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. சூடு குறையும், கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி கார்டின் ஃபானை அடைக்கும். புளோவர் பிடிக்கும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுழன்றால் பெயாரிங் போய்விடும்.

கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதென்றால் காசு போட முதல், கார்டின் விபரம் காட்டும் ஜிபியு-இஸட் மென்பொருளின் ஸ்க்ரீன்ஷொட் கேளுங்கள். 1050 டிஐ என்றால் சிப் ஜிபி107 (GP107), 768 ஷேடர் (கோர்), 128 பிட் என்று இருக்கவேண்டும். பழைய 550 டிஐக்குப் பெயர் மாற்றி விற்பவர்கள் உண்டு; பெயருக்கு முன்னால் ஃபேக் என்று ஜிபியு-இஸட் காட்டினால் அந்தப் பேச்சை அத்தோடு விடுங்கள். நேரில் வாங்கினால், கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சூடு 80 பாகையைத் தாண்டுகிறதா, திரையில் கோடு விழுகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.