கடைசி நாலு மடக்கு: மலிவு விலை அமெரிக்க பீர்கள் பற்றி

சியாட்டில் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, சனிக்கிழமை பார்பிக்யூ வைக்கிறோம். எந்த பீர் வாங்கட்டும்? இங்க விக்கிற சீப் பீர் எல்லாம் ஒரே தண்ணிதானே?" வாட்ஸாப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

சின்ன ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீர், கசப்பு தூக்கலான ஐபிஏ பக்கமெல்லாம் போகப் போவதில்லை. நான் பேசுவது மளிகைக் கடையில் பெரிய அட்டைப் பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் சரக்கு. பெட்டியாக வாங்கினால் கேன் ஒன்று ஏறத்தாழ ஒரு டாலர் விழும். பென்சில்வேனியாவில் சில வருடம், இப்போது வாஷிங்டன் மாநிலத்தில் என்று இவற்றோடு எனக்கு நீண்ட பழக்கம். இத்தனை காலத்தில் என் புகார் மாறவே இல்லை: கடைசி நாலு மடக்கு.

முதல் மடக்கில் இவை எல்லாமே நல்ல பீர்தான். கூலரில் ஐஸுக்கு அடியிலிருந்து எடுத்த கேனை வெயிலில் நின்றுகொண்டு உடைத்துக் குடித்தால் குறை சொல்ல எவனாலும் முடியாது. ஆனால் நாம் குடிக்கும் விதம் வேறு. பேச்சு ஓடும், நடுவில் ஒருத்தர் சிக்கனைத் திருப்பிப் போடப் போவார், கடலைத் தட்டு சுற்றிவரும். 355 மில்லி கேன் ஒன்று முக்கால் மணி நேரம் கையில் இருக்கும். அதற்குள் குளிர்ச்சியும் போய்விடும், காஸும் போய்விடும். அடியில் மிஞ்சுவது என்ன என்பதை வைத்துத்தான் நான் மார்க் போடுகிறேன். இது நியாயமான தேர்வு இல்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். ஜில்லென்று குடிப்பதற்காகவே செய்த பானத்தைக் குளிர் போகவிட்டுக் குறை சொல்கிறாயே என்பார்கள். சரிதான். ஆனால் குடிப்பது நான்.

அடியில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாற்றில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையும் இருக்கும், அதனால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துத் துண்டுகளும் இருக்கும். பீர் வாயில் கனமாக உட்காருவதில் டெக்ஸ்ட்ரினுக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் ஜோசப் ஓவேட்ஸ் என்ற வேதியியல்காரர் அந்தத் துண்டுகளையும் என்சைம் போட்டு உடைத்து ஈஸ்ட்டுக்கே தின்னக் கொடுத்தார். 1967-ல் நியூயார்க்கின் ரைன்கோல்டு கம்பெனி அந்த முறையில் ஒரு டயட் பீரைக் கொண்டுவந்தது, யாரும் சீண்டவில்லை. 1975-ல் மில்லர் லைட் நாடு முழுக்க வந்தது. ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களை வைத்து விளம்பரம் செய்து அதே சரக்கை ஆம்பளை பீராக விற்றுக் காட்டினார்கள். 1978-ல் கூர்ஸ் லைட், 1982-ல் பட் லைட் என்று மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

ஆக, லைட் பீரில் கனம் கொடுக்கும் சமாச்சாரத்தைப் பெரும்பாலும் எடுத்தாகிவிட்டது. கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவும் பெயருக்குத்தான். நாக்கில் நிற்பது காஸும் குளிரும். அவை இரண்டும் போனபின் மிஞ்சுவது காஸ் போன கோலி சோடா. இத்தனையும் எதற்கு? லைட் அல்லாத சாதாரண பட்வைசர் கேனில் 145 கலோரி, மில்லர் லைட் கேனில் 96. மிச்சம் 49. ஒரு கைப்பிடி வறுத்த கடலையில் அதைப்போல மூன்று மடங்கு இருக்கிறது. சைடு டிஷ்ஷைக் குறைக்காதவன் லைட் பீர் குடிப்பதில் என்ன கணக்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கூர்ஸ் லைட் லேபிளில் இருக்கும் மலை, பாட்டில் ஜில்லென்று ஆனதும் நீல நிறத்துக்கு மாறும். வெப்பத்துக்கு ஏற்ப நிறம் மாறும் மையால் அச்சடித்தது. முதல் தடவை பார்க்கும்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் எரிச்சல். கையில் வைத்திருக்கும்போதே நீலம் வெளுத்துக்கொண்டு வரும். சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று பாட்டிலே நம்மைத் துரத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் இந்தக் கூட்டத்தில் நேர்மையான பாட்டில் அது ஒன்றுதான் என்றும் சொல்ல வேண்டும். நான் குளிராக இருக்கும் வரைதான் என்னிடம் சரக்கு என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

மூன்று லைட்டிலும் அடிமட்டத்தில் ஏதோ மிஞ்சுவது என் நாக்குக்கு மில்லர் லைட்டில்தான். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் தானிய வாசனை. 2019-ல் சூப்பர் பவுல் என்கிற அமெரிக்க ஃபுட்பால் இறுதிப் போட்டிக்கு நடுவே வந்த விளம்பரத்தில் பட் லைட்காரர்கள் மில்லர் லைட்டிலும் கூர்ஸ் லைட்டிலும் கார்ன் சிரப், அதாவது மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு, போடுகிறார்கள் என்று கிண்டல் செய்து, அது கோர்ட் வரை போனது. குடிப்பவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடுகிறது. கிண்டல் செய்தவர்கள் பீரில் போடுவது அரிசி. மக்காச்சோளமோ அரிசியோ, இரண்டும் பீரை மெலிதாக்கத்தான். நம்மாட்கள் அரிசியைக் கேலி செய்வதற்கில்லை.

பட்வைசரில் 5 சதவீதம் ஆல்கஹால், 1876-லிருந்து இருக்கிற சரக்கு. இதைப் பற்றி எழுதத் தனியாக ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பெருமையும். நாட்டின் எந்த மூலையில் இருக்கும் ஆலையில் செய்தாலும் ஒரே ருசியில் வரும். இவ்வளவு மெலிதான பீரில் சின்னப் பிசகும் ஒளிய இடம் இல்லை. கிராஃப்ட்காரர்களே இந்த விஷயத்தில் தொப்பியைக் கழற்றுவார்கள். குளிர் போனால் பச்சை ஆப்பிள் வாடை லேசாகத் தட்டும்.

கூர்ஸ் பான்க்வெட் வேறு ரகம். பெயரைப் பார்த்து லைட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதுவும் 5 சதவீதம்தான், ஆனால் லேசான இனிப்போடு உருண்டையாக வாயில் நிற்கும். 1981 வரை இதை மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே விற்றதே இல்லை. கூர்ஸ் ஆலை இருக்கும் கொலராடோவுக்குப் போனவர்கள் டிக்கியில் அடைத்துக் கொண்டுபோன காலம் உண்டு. குளிர் போனாலும் மூஞ்சியைச் சுளிக்காமல் குடிக்கலாம்.

யிங்லிங் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் எனக்குக் குரல் உயரும். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் பாட்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கே 1829-ல் தொடங்கியது, அமெரிக்காவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளில் மிகப் பழையது. மதுவிலக்குக் காலத்தில் ஐஸ்கிரீம் விற்றுப் பிழைத்தார்கள். ஃபிலடெல்ஃபியா பாரில் போய் "ஒரு லாகர்" என்று பொதுவான பீர் வகைப் பெயரைச் சொன்னால் போதும், வேறு கேள்வி கேட்காமல் யிங்லிங்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். வறுத்த மால்ட் போட்ட செம்பழுப்பு நிறம், 4.5 சதவீதம்தான். கடைசி மடக்கு முதல் மடக்கைவிட நன்றாக இருக்கும் மலிவு பீர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். குளிர் போகும்போது அந்த மால்ட் வாசனை மேலே வருகிறது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த கோழிக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. விலையோ பட்வைசர் விலைதான்.

அங்கே இருந்தபோது அதை வாங்குவதும் ஒரு தலைவலி. பீர் விற்பதற்கென்றே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கடையில் முன்பெல்லாம் முழு கேஸ்தான், 24 பாட்டில். ஆறு பாட்டில் கட்டான சிக்ஸ் பேக் வேண்டுமென்றால் பாருக்குப் போய் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். 2016-ல்தான் சட்டம் முழுசாகத் தளர்ந்தது. இங்கே மளிகைக் கடையில் பாலுக்குப் பக்கத்திலேயே பீர் அடுக்கியிருக்கிறது, ஆனால் யிங்லிங் இல்லை. மேற்குக் கரைக்கு அது வருவதே இல்லை. இருநூறு வருடத்தை நெருங்கும் கம்பெனிக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி அனுப்ப மனசு வரவில்லை.

அதற்குப் பதிலாக இங்கே ரெய்னியர் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் வைட்டமின் ஆர் என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆனால் சியாட்டில் ஆலையை 1999-லேயே மூடிவிட்டார்கள். பிராண்டு இன்று பாப்ஸ்ட் கம்பெனி கையில், டெக்சஸின் லோன் ஸ்டார், இந்த மாநிலத்துப் பழைய ஒலிம்பியா எல்லாமும் அவர்கள் கையில்தான். அந்தக் கம்பெனியின் சொந்த பீரான பாப்ஸ்ட் புளூ ரிப்பனுக்கு மில்வாக்கி நகரில் இருந்த ஆலையும் 1996-ல் மூடியதுதான். ஊர்ப்பாசத்தை லேபிளில் மட்டும் ஒட்டி விற்கிறார்கள் என்று எனக்கு ஒரு கடுப்பு உண்டு. ருசியைச் சொன்னால், பாப்ஸ்ட் பரவாயில்லை. லைட் வகைகளைவிட ஒரு படி மேல்.

மில்லர் ஹை லைஃப் எனக்கு எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம். 1903-லிருந்து இருக்கிறது. 'பீர்களின் ஷாம்பெய்ன்' என்று லேபிளிலேயே போட்டுக்கொள்ளும் தைரியம். ஐரோப்பாவில் ஷாம்பெய்ன் என்ற பெயர் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதி ஒயினுக்கே உரியது என்பதால், அந்தப் பெயருக்காகவே 2023-ல் பெல்ஜியம் சுங்கத்துறை 2,352 கேன்களை நசுக்கி அழித்தது. பாட்டில் நிறமில்லாத கண்ணாடி. சாதாரணமாக வெள்ளைக் கண்ணாடியிலோ பச்சைக் கண்ணாடியிலோ இருக்கும் பீர் வெளிச்சத்தில் கெட்டுப்போகும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து, கந்தகத்தோடு சேர்ந்து, ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் வாடையைக் கிளப்பும். ஹை லைஃபில் ஹாப்ஸை அப்படியே போடாமல், ஒளிக்கு அசையாதபடி மாற்றிய சாறாகச் சேர்க்கிறார்கள். அதனால் பொன்னிறத்தையும் காட்டிக்கொள்ளலாம், வாடையும் வராது.

இதில் 207 மில்லி பிடிக்கும் குட்டி பாட்டில் ஒன்று வருகிறது, போனி என்பார்கள். என் இத்தனை புலம்பலுக்கும் மருந்து அதுதான். குளிர் போவதற்குள் தீர்ந்துவிடும். கடைசி நாலு மடக்கும் ஜில்லென்றே இருக்கும். மில்லிக் கணக்குப் போட்டால் கேனைவிட விலை கூடுதல்தான், எல்லாக் கடையிலும் கிடைக்கவும் கிடைக்காது. கண்டால் எடுத்துவிடுவேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: தேதி. போன கோடையில் ஒரு கடையில் பாதி விலைக்கு ஒரு பெட்டி தள்ளிவிட்டார்கள். ஜன்னலோரம் வெயிலில் வாரக்கணக்கில் அடுக்கி வைத்திருந்த சரக்கு அது. கேனுக்குள் வெளிச்சம் போகாது, சூடு போகும். குடித்தால் நனைந்த அட்டை வாடை. திருப்பிக் கேட்டதற்கு, பீரைத் திரும்ப எடுப்பதில்லை என்று கையை விரித்தார்கள். கேன் அடியில் தேதி அச்சாகியிருக்கும். அது தாண்டப் போகிற பெட்டி எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

சரி தம்பி, சனிக்கிழமைக்கு வருவோம். யிங்லிங் இங்கே இல்லை. போனி பாட்டில் இருபது பேருக்குக் கட்டுப்படியாகாது, ஆளுக்கு ரெண்டே மடக்கா என்று கேட்பார்கள். பான்க்வெட் நல்ல பீர், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் கேனைப் பாதியில் வைத்துவிட்டு மறந்து இன்னொன்றை உடைக்கிற ஆட்கள். அவர்களுக்கு அது எதற்கு? கூர்ஸ் லைட் 30 கேன் பெட்டி ஒன்று, ஐஸ் மூன்று மூட்டை. கடையில் உன் முகத்தைப் பார்த்து ஐடி கேட்பார்கள், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போ. பக்கத்தில் ஹை லைஃப் சிக்ஸ் பேக் இருந்தால் ஒன்று எடுத்து ஃப்ரிட்ஜில் பின்பக்கமாக ஒளித்து வை. ஏழு மணிக்கு வருகிறேன்.