சுருள் கற்றாழை என்ற பெயரில் எனக்கு வந்து சேர்ந்தது

உச்சிப்புளிக்கு அருகே, அலையோசை கேட்கும் தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டில் உப்புக்காற்றைத் தாங்கும் செடிகள் குறைவு என்பதால், சில ஆண்டுகளாக அழகுக் கற்றாழைகளைத் தொட்டிகளில் வளர்த்து வருகிறேன். சென்ற ஐப்பசியில், செல்பேசியில் படம் காட்டிச் செடி விற்கும் ஒருவரிடம் கூரியர் செலவு உட்பட 1,630 ரூபாய் கட்டி மூன்று கன்றுகள் வாங்கினேன். அதே படங்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

என்னை இழுத்தது சுருள் கற்றாழையின் படம். ஆலோ பாலிஃபில்லா எனப்படும் அந்தச் செடியின் இலைகள் ஐந்து வரிசைகளாகச் சுழன்று, கோலம் போட்டதுபோல் அடுக்கியிருக்கும். பெட்டியில் இருந்ததோ, இருபுறமும் விசிறிபோல் விரிந்து, வெள்ளைப் புள்ளிகளுடன் நீண்டிருந்த ஐந்து இலைகள். அருகில் நின்ற அம்மா, "ஏம்ப்பா, நம்ம கெணத்தடியில கெடக்குற கத்தாழைக்கா காசு குடுத்த?" என்று கேட்டார். சோற்றுக்கற்றாழைக் கன்று இளமையில் இலைகளை இரு வரிசையாகவே விடும்; வளர்ந்த பிறகுதான் வட்டமாக அடுக்கும். பக்கக்கன்று பிடுங்கி நட்டவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

விற்றவரிடம் கேட்டபோது, சின்னச் செடி சுருளாது, மூன்று வருடம் பொறுங்கள் என்றார். உண்மையான சுருள் கற்றாழையும் இளமையில் சுருள்வதில்லை என்பதால், இந்தப் பதிலை நம்பிப் பலர் காத்திருக்கக் கூடும். ஆனால் அது தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோ நாட்டில், 2,000 மீட்டருக்கும் மேலான, குளிர்காலத்தில் பனி விழும் மலைச்சரிவுகளில் வளர்வது. வேர் குளிர்ச்சியாக இருந்தால்தான் பிழைக்கும். காட்டிலிருந்து எடுத்து விற்பதைத் தடுக்க, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் வைக்கப்பட்டுள்ள இனமும்கூட. மெய்யான கன்றையே அவர் அனுப்பியிருந்தாலும் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அது நின்றிருக்காது. பணம் அனுப்பும் முன் இதைத் தேடிப் படிக்காதது என் தவறு.

இரண்டாவது, 'நீலக் கற்றாழை'. நகத்தால் சுரண்டியதும் நீலம் செதிலாக உரிந்து, அடியில் பச்சை தெரிந்தது. இலை முழுக்கச் சாயம் பூசியிருந்தார்கள். சாயத்துக்கு அடியில் இலைக்கு வெளிச்சம் சரியாகக் கிடைக்காது. புதிதாக வரும் இலையோ பச்சையாகவே வரும்.

மூன்றாவதான புலிக்கற்றாழை மட்டும் அசல். எனக்கு அதிக வருத்தம் தந்ததும் அதுதான். தொட்டியின் மேற்பரப்பில் வெள்ளைக் கூழாங்கற்களைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அழகுக்காக என்று நினைத்து விட்டுவிட்டேன். 'தினமும் தண்ணீர் தெளிக்கவும்' என்று ஓர் அட்டையும் வைத்திருந்தார்கள். கற்றாழைக்கு அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. ஐப்பசி அடைமழையில் தாழ்வாரத்துக்குள் வைத்திருந்தும் பத்தாம் நாள் அடியிலைகள் கொழகொழவென்று ஆகிவிட்டன. கற்களை உளியால் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே மண்ணே இல்லை. தென்னை நார்த்தூள் மட்டும் பிழிந்தால் நீர் சொட்டும் ஈரத்தில் இருந்தது. பசை மூடியதால் அது காயவும் வழியில்லை, விரல் விட்டு ஈரம் பார்க்கவும் வழியில்லை. அழுகிய வேரை வெட்டிவிட்டு, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, ஆற்றுமணலும் செங்கல் ஜல்லியும் பெரும்பங்காக, மண் சிறிதளவாகக் கலந்து மீண்டும் நட்டேன். அருகில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிவிடாதீர்கள், அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். எங்கள் கிணறு உவர்ப்பு என்பதால், பிடித்து வைத்த மழைநீரை மட்டும், கலவை முழுதும் காய்ந்த பிறகே ஊற்றுகிறேன். இப்போது நடுவில் ஒரு குருத்து விட்டிருக்கிறது.

படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பராமரிக்கத் தெரியாதவர்கள் வாங்கக் கூடாது என்று பதில் வந்தது. மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் கட்டிய ரசீதும் உரையாடலும் கையில் இருந்தன, ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போது காணொளி எடுத்து வைக்கவில்லை. நீங்கள் வாங்கினால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். செடியின் தாவரவியல் பெயரையும், கன்றின் இன்றைய படத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மேற்பரப்பில் கல் ஒட்டியிருந்தால், வந்த அன்றே பெயர்த்து எடுத்துவிடுங்கள்.

'சுருள் கற்றாழை'யை அம்மா திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டிவிட்டார்.