கேனான் எம்50-க்குப் படத்திருத்த மென்பொருள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கேமரா வாங்கும்போது மெகாபிக்சலைப் பற்றி விசாரிக்கிறோம், லென்ஸைப் பற்றி விசாரிக்கிறோம். அது எழுதும் ரா கோப்பை, அதாவது சென்சார் பதிந்த தரவைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பை, எந்தெந்த மென்பொருள் திறக்கும் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. 2018-இல் வெளிவந்த கேனான் எம்50-ஐப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அதுவரை பயன்படுத்திவந்த சிஆர்2 வடிவத்துக்குப் பதிலாக சிஆர்3 என்ற புதிய வடிவத்தை கேனான் முதன்முதலில் அந்தக் கேமராவில்தான் கொண்டுவந்தது. கட்டற்ற மென்பொருளான டார்க்டேபிள், 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பிலிருந்துதான் அதை நேரடியாகத் திறக்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் வேறு மென்பொருள்களிலும் ஓரளவு புழங்கியதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு இரண்டே அளவுகோல்கள் மிஞ்சின. முதலாவது, என் கேமராவின் கோப்பை அது இன்று திறக்கிறதா என்பது. இரண்டாவது, நான் செய்யும் திருத்தங்களை அது எங்கே, எந்த வடிவில் வைக்கிறது என்பது.

கேனானின் சொந்த மென்பொருளான டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் இலவசமாகக் கிடைக்கிறது. கேமராவில் நாம் தேர்ந்தெடுத்த பிக்சர் ஸ்டைல் (நிறம், கான்ட்ராஸ்ட் ஆகியவற்றின் தொகுப்பு), வொயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கேற்ற நிறச் சமநிலை) ஆகியவற்றை அப்படியே படித்துக்கொள்வதால், கேமராவின் திரையில் பார்த்த நிறமே கணினியிலும் வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால், திருத்தங்களைச் சேமிக்கும்போது அவற்றை ரா கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது. மூலப் படத்தரவுக்கு இதனால் சேதமில்லை என்றாலும், கோப்பு மாறிவிட்டதாகவே காப்புப்பிரதி மென்பொருள் கருதும். சற்றே வெளிச்சம் கூட்டியதற்காக முழுக் கோப்பும் மறுபடி வன்தட்டுக்கு நகலாகும். தவிர, இதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது.

அடோபி நிறுவனம் சந்தாவுக்குத் தரும் லைட்ரூம் கிளாசிக் நேர்த்தியான மென்பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. புதிய கேமராக்களுக்கான ஆதரவும் அதில் விரைவாக வந்துவிடும். திருத்தங்கள் கேட்டலாக் எனப்படும் ஒரே தரவுத்தளத்தில் சேர்கின்றன. சந்தா முடிந்த பிறகும் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஆனால் திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். படமெடுத்துப் பிழைப்பு நடத்துபவருக்கு அந்தச் சந்தா ஒரு தொழிற்செலவு. மாதக்கணக்கில் கேமராவைத் தொடாமலும் இருக்கும் என்னைப் போன்றவருக்கு அது வீண்.

சிஆர்3 ஆதரவு வரும்வரை, அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் கோப்புகளை டிஎன்ஜி என்ற அதன் பொது ரா வடிவத்துக்கு மாற்றித்தான் டார்க்டேபிளில் திறக்க முடிந்தது. டிஎன்ஜியாக மாற்றியதை கேனானின் மென்பொருள் திறக்காது என்பதால் மூலத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். வன்தட்டில் இடம் இரட்டிப்பாகச் செலவாகும்.

டார்க்டேபிளில் ரா கோப்பை முதன்முதலில் திறப்பவருக்குப் படம் சற்று வெளிறித் தெரியும். பிக்சர் ஸ்டைல் போன்ற கேமரா அமைப்புகளை அது பொருட்படுத்துவதில்லை என்பதே காரணம். ஆனால் அந்த வெளிறிய படத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது தேரோட்டம் போன்ற காட்சிகளில் தெரியும். உச்சி வெயிலில் வடம் பிடிப்பவரின் வெள்ளை வேட்டிக்கும், தலைத்துண்டின் நிழலில் இருக்கும் கறுத்த முகத்துக்கும் நடுவே வெளிச்ச வேறுபாடு மிக அதிகம். முகத்துக்காக ஒளியைக் கூட்டினால், வேட்டியின் மடிப்பும் கரையும் வெளுத்துப்போய் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ஆகவே வேட்டிக்கு ஏற்ற எக்ஸ்போஷரில் படத்தை எடுத்துவிட்டு, டோன் ஈக்வலைசர் என்னும் பகுதியைத் திறந்து, சுட்டியை முகத்தின் மேல் நிறுத்தி அதன் சக்கரத்தை உருட்டுகிறேன். அந்த அளவு இருட்டான பகுதிகள் மட்டும் மெல்ல எழுகின்றன, வேட்டி அசைவதில்லை. எந்தெந்தப் பகுதி எவ்வளவு மாற வேண்டும் என்று வரையறுக்கும் மாஸ்க்கைச் சரியாக அமைக்காவிட்டால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் விழுந்து, வடம் பிடித்தவர் உற்சவமூர்த்தியாகிவிடுவார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே கொண்ட ஜேபெக்கில் இதே வேலையைச் செய்தால் முகம் திட்டுத்திட்டாகும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

திருத்தங்கள் ஒவ்வொரு படத்துக்கும் அருகில் எக்ஸ்எம்பி என்ற சிறிய உரைக்கோப்பாக அமர்கின்றன. மூலக் கோப்பு தொடப்படுவதேயில்லை. கணினியை மாற்றும்போது கோப்புறையை அப்படியே நகர்த்தினால் போதும். வெளிச்சத்தைச் சீராக்கும் முறை பேஸ் கர்வ், ஃபில்மிக், பிறகு 4.2 பதிப்பில் வந்த சிக்மாய்டு என்று மாறிக்கொண்டே வந்தபோதும், பழைய முறையில் திருத்திய படங்கள் பழைய தோற்றத்திலேயே திறக்கின்றன. நெடுநாள் பயன்பாட்டில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அதே நேரத்தில், புதிய பதிப்பு தன் தரவுத்தளத்தை மேம்படுத்திய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்புவது எளிதல்ல; பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன் காப்புப்பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. ஒரே வேலைக்கு மூன்று நான்கு வழிகள் இருப்பதால் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில், மங்கலான வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வு அளவைக் கூட்டி எடுத்த படங்களின் நாய்ஸை (புள்ளிப் புள்ளியான இரைச்சலை) குறைக்கும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருக்க நேர்கிறது. லென்ஸ் வளைவைச் சரிசெய்யும் தரவுகள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் பராமரிக்கும் லென்ஸ்ஃபன் திட்டத்திலிருந்து வருவதால், புத்தம்புது லென்ஸ் வாங்குபவர்கள் அதன் பட்டியலை முதலில் பார்த்துவிட வேண்டும். புதிய கேமராவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேனானின் மென்பொருளை நான் இன்னும் நீக்கவில்லை. உறவினர் வீட்டு விசேஷப் படங்களை அன்றிரவே அனுப்பியாக வேண்டும் என்றால், கேமராவின் நிறத்திலேயே மொத்தமாக ஜேபெக்காக மாற்றிக்கொடுக்க அதுதான் கைகொடுக்கிறது.