கேம்பர் வானின் சுடுநீர்த் தாங்கி: திருகோணமலைத் தண்ணீருக்கு உருக்கா, அலுமினியமா?

கேம்பர் வான்களின் வோட்டர் ஹீற்றர்களில் நெடுங்காலமாகப் போட்டியிடும் வகைகள் இரண்டு. சபர்பன் நிறுவனத்தின் தாங்கி உருக்கால் ஆனது. அதன் உட்சுவரில் பீங்கான் பூச்சு இருக்கும், அந்தப் பூச்சு விரிசல்விடும் இடங்களைக் காக்க உள்ளே ஓர் அனோட்டுக் கோலும் இருக்கும். அட்வுட் என்ற பெயரில் வந்து பின்னர் டொமெற்றிக்கின் கைக்குப் போன தாங்கியோ அலுமினியம். அதற்குக் கோல் கிடையாது. இரண்டிலும் 6 அமெரிக்கக் கலன், அதாவது ஏறத்தாழ 23 லீற்றர் கொள்ளும் அளவே பரவலானது.

இவற்றை எடைபோடுமுன் நம்முடைய தண்ணீரைப் பார்க்க வேண்டும். நகரக் குழாய்களில் வருவது கந்தளாய்க் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த நீர். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடற்கரையோரம் வானை நிறுத்துபவர்களுக்கோ அருகிலுள்ள வளவுக் கிணறே கைக்கு எட்டுவது. உலர் வலயத்து நிலத்தடி நீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்து அது வன்னீராக இருப்பதுண்டு. கோடை முற்றும்போது கரையோரக் கிணறுகளில் உவரும் ஏறும். வன்னீர் சூடானால் சுண்ணாம்பு படியும், உவர்நீர் உலோகத்தை அரிக்கும்.

உருக்குத் தாங்கியில் அந்த அரிப்பை அனோட்டுக் கோல் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. உப்பு மிகுந்த நீர் மின்னை நன்கு கடத்துவதால் மக்னீசியக் கோல் விரைவாகவே கரைந்துவிடும். நான்கு மாதம் கிணற்றுநீரில் கிடந்த கோல் ஒன்றைச் சென்ற பருவத்தில் நான் கழற்றியபோது, நடுக்கம்பியும் அதில் ஒட்டிய சில துணுக்குகளுமே வெளியே வந்தன. அதைக் கண்டு பலர் ஹீற்றரையே குறைகூறுவார்கள். எனக்கோ அது ஆறுதலாக இருந்தது, ஏனெனில் அரிபட்டது கோல், தாங்கி தப்பியது. உவர்நீரில் அலுமினியக் கோல் கூடுதல் காலம் தாங்கும். சுடுநீரில் அழுகிய முட்டை மணம் வந்தால் மக்னீசியத்தை நீக்கி, துத்தநாகம் கலந்த அலுமினியக் கோலைப் போடுவது நல்லது.

அலுமினியத் தாங்கி பாரம் குறைந்தது, துருப்பிடிக்காது, கோலுக்கான செலவும் இல்லை. ஆனால் அலுமினியத்தின் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உப்பிலுள்ள குளோரைட்டு துளைத்து, ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். குழி ஆழமாகி நீர் கசியும் நாள்வரை வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. இதற்கு மாற்றாக அந்தத் தாங்கியிலும் ஒரு கோலைத் திருகிவைக்கலாம் என்று எண்ணுவது தவறு. நண்பர் ஒருவரின் வானில் ஒரு கராஜில் அப்படிச் செய்ததால், உருக்குத் திருகு அலுமினியப் புரியுடன் இறுகிப்போய், கழற்றும்போது புரியே சிதைந்தது. நீரை வடிக்கும் அந்தத் துளையில் இருக்க வேண்டியது நைலோன் அடைப்பு மட்டுமே.

படிவுகளை நீக்கத் தாங்கியைக் கழுவும் வேலையின் தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே. மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தி, சில மணிநேரம் ஆறவிட்டு, நீர் வரத்தை மூடி, அமுக்க வால்வைத் திறந்து அமுக்கம் முழுதும் இறங்கிய பின்னரே அடைப்பைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் பீறிடும். சபர்பனில் கோலும் அடைப்பும் ஒரே துண்டு என்பதால், நீரை வடிக்கும் ஒவ்வொரு முறையும் கோலின் நிலையைக் கண்ணால் பார்த்துவிடலாம். முக்கால் பங்கு கரைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அட்வுட்டில் வடிதுளை அடியைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால் ஏறத்தாழ 2 லீற்றர் நீர் உள்ளே தங்கும். படிவுகளில் பெரும்பகுதி கிடப்பதும் அந்த நீரில்தான். எனவே மெல்லிய கழுவுங்குழலை உள்ளே விட்டு, அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்சி, வரும் நீர் தெளியும்வரை அலசுவது இதற்கு இன்னும் முக்கியம்.

வெறும் நீர் தளர்ந்த துகள்களை மட்டுமே வெளியேற்றும். ஒட்டிய சுண்ணாம்புக்கு வினாகிரி தேவை. இரண்டு பங்கு வெள்ளை வினாகிரிக்கு ஒரு பங்கு நீர் கலந்து நிரப்பி, சூடாக்கி ஊறவிட்டு, பின்பு நன்றாக அலச வேண்டும். உருக்குத் தாங்கியில் அதற்குமுன் கோலை எடுத்துவிட்டு வெறும் அடைப்பைப் போடுவது அவசியம், இல்லையேல் அமிலம் கோலைத் தின்றுவிடும். கிருமிநீக்கக் குளோரின் திரவத்தையும் வினாகிரியையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வாயு எழும்.

தாங்கியே இல்லாத உடனடி ஹீற்றரும் இருக்கிறது. அதன் ஒடுங்கிய குழாய்கள் வன்னீரில் விரைவில் அடைபடுவதாலும், சிறு பம்ப் வைத்து வினாகிரியைச் சுழலவிட வேண்டியிருப்பதாலும் கிணற்றுநீருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கிணற்றை நம்பிப் பயணிப்பவருக்கு என் தேர்வு கோலுள்ள உருக்குத் தாங்கியே. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோலைக் கழற்றிப் பார்க்க மனமில்லாதவர், குழாய்நீரை மட்டும் நிரப்பும் வழக்கமுடையவராயின், அலுமினியத்தை வாங்குவதே நன்று.

குளிர்நாடுகளில் நீர் உறைந்து தாங்கி வெடிக்கும் என்பதற்காகப் பருவ முடிவில் வடிக்கிறார்கள். இங்கே ஒக்ரோபரில் மாரி தொடங்கி வான் ஓய்வெடுக்கும்போது, தேங்கிய நீர் நாறாமலும் அரிக்காமலும் இருக்க அதே வேலையைச் செய்ய வேண்டும். மீண்டும் எடுக்கும் நாளில், சுடுநீர்க் குழாயில் காற்று நின்று நீர் சீராக வரும்வரை ஹீற்றரின் ஆளியைத் தொடாதீர்கள். வெறுந்தாங்கியில் போட்டால் மின் சுருள் நொடிகளில் எரிந்துபோகும்.