எம்எக்ஸ்-5க்கு டார்சனா, கிளட்ச் எல்எஸ்டியா?

இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தயப் பாதையில் ட்ரூயிட்ஸ் என்றொரு வளைவு இருக்கிறது. மேடேறிப் போய் வலது பக்கம் கொண்டையூசியாகத் திரும்பும். இரண்டாம் கியரில் அதிலிருந்து வெளியே வரும்போது என் காரின் வலது பின்சக்கரம் வெறுமனே சுழலும். இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்ற வண்டி. இன்ஜினின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தருவது டிஃபரன்ஷியல்; ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் தடுக்கும் வகைக்கு எல்எஸ்டி என்று பெயர். என் கார் கெட்டியான திரவத்தால் வேலை செய்யும் விஸ்கஸ் எல்எஸ்டியோடுதான் வந்தது. ஆனால் 30 வருடத்தில் அது ஓய்ந்துபோய், சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொண்டது.

அதற்காக உடனே டிஃபரன்ஷியலில் கைவைக்க வேண்டாம். டயர், ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மென்ட் முதலில் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் பார்க்காமல் விடுவது பின்பக்க ஆன்டி-ரோல் பாரை, அதாவது வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை. தடித்த பார் போட்டால், வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தை அது தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். நான் பழைய மெல்லிய பாருக்கே திரும்பினேன். சுழல்வது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்புறம்தான் டிஃபரன்ஷியலுக்குக் காசு எடுத்தேன்.

டர்போ போடுகிறவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 1.6 காரின் கிரவுன் வீல், அதாவது டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரம், 6 அங்குலம்தான்; 1.8 இன்ஜினோடு வந்தது 7 அங்குலம். சக்தியைக் கூட்டுவதற்கு முன்பே பெரியதை மாற்றிவிடுங்கள். சின்ன டிஃபரன்ஷியலுக்குள் எவ்வளவு நல்ல எல்எஸ்டியைப் போட்டாலும் பற்கள் அதே சின்னப் பற்கள்தான்.

என் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். இருக்கிற டிஃபரன்ஷியலுக்குள் கிளட்ச் தட்டு எல்எஸ்டி போடுவது ஒன்று. பற்சக்கரங்களாலேயே வேலை செய்யும் எல்எஸ்டியான டார்சனை 1.8 காரிலிருந்து டிஃபரன்ஷியலோடு முழுதாக எடுத்துப் பொருத்துவது இன்னொன்று. டார்சனை எடுத்தேன்.

பிடிமானத்தை மட்டும் பார்த்தால் கிளட்ச் வகைதான் மேல். ஒரு சக்கரம் காற்றில் தூக்கினாலும் மற்றதைத் தள்ளும். பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரங்களையும் எவ்வளவு சேர்த்துப் பூட்ட வேண்டும் என்பதைக்கூட ஒன்-வே, ஒன்றரை-வே, டூ-வே என்று தேர்ந்தெடுக்கலாம். நண்பரின் காரில் ஒரே ஒரு நாள் ஓட்டியதை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் அந்த ஒரு நாளே ஆசையைக் கிளப்பிவிட்டது.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. தட்டுகள் உரசித்தான் அது வேலை செய்கிறது, உரசினால் தேயும். புதிதாகப் போட்டதும் மெதுவாக எட்டு போட்டுப் பழக்கி, உடனே ஆயிலை வடிக்க வேண்டும். அதன் பிறகும் தட்டு உதிர்க்கும் பொடி ஆயிலில் சேர்ந்துகொண்டே இருப்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆயிலும் அதற்கென்று உள்ளதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பும்போது கடகடவென்று சத்தம் போடும். தட்டு தேய்ந்ததா என்று பார்க்க, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, டார்க் ரெஞ்சால் அந்த ஹப்பைத் திருப்பி, எந்த அளவில் நழுவுகிறது என்று அளப்பார்கள். அளவு இறங்கிவிட்டால் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்க வேண்டும். இந்தக் காரில் அதற்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு ஆக்சில், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் எல்லாம் கழல வேண்டும். வருடத்துக்கு நாலைந்து நாள் ட்ராக், மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போகும் வண்டி. எனக்கு இது கட்டுப்படியாகவில்லை.

டார்சனில் பற்சக்கரங்கள் மட்டும்தான், தட்டே கிடையாது. சாதாரண 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஒரு லிட்டர் போதும். கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) பகுதி துருப்பிடித்து உடைக்கப் போன 1.8 காரிலிருந்து டிஃபரன்ஷியல், ஆக்சில்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்றையும் சேர்த்தே வாங்கினேன். மூன்றும் இல்லாமல் 1.6இல் பொருந்தாது. டார்சனின் பலவீனம் ஒன்றுதான்: ஒரு சக்கரம் முழுதாகத் தூக்கிவிட்டால் ஓப்பன் போலவே கைவிட்டுவிடும். ட்ரூயிட்ஸில் என் கார் அந்த அளவுக்குத் தூக்குவதில்லை. இப்போது ஆக்சிலரேட்டரை முன்னைவிடச் சீக்கிரம் மிதிக்கிறேன், வால் லேசாக அகன்று நேராகிறது. ட்ரிஃப்ட் செய்கிறவரும் ஸ்லிக் டயரில் பந்தயம் ஓட்டுகிறவரும் கிளட்ச் பக்கமே போகலாம்.

டார்சன் போடுகிறவர்கள் டிஃபரன்ஷியலின் கியர் விகிதத்தைக் கவனியுங்கள். என் பழையது 4.3, வந்தது 4.1. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் உண்மையான வேகத்தைவிட 5 சதவீதம் போலக் குறைத்துக் காட்டும். அதன் சின்ன டிரைவ் கியரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.